ஒரு லீட்டர் சுத்தத் தண்ணீர்

வத்தளை
8 ஜூலை 2024

அக்கா,

தொட்டியைக் கொன்றது நீங்கள்தான். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

பங்களா மெனேஜர் சுமன் நேற்றுப் படம் அனுப்பினான். நானூறு லீட்டர் கடல்தண்ணீர்த் தொட்டி, மாவு கரைத்த வாளி மாதிரி நிற்கிறது. பவளம் ஒன்றுகூட விரியவில்லை. மூன்று வருடம் நான் வளர்த்தவை அவை. மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை கிடைத்து இங்கே வந்தபோது, வேறு யாருக்கும் வேண்டாம், என் அக்காவுக்குக் கொடுங்கள் என்று பங்களாவின் கொழும்பு முதலாளி முன்னால் நின்று கேட்டு வாங்கிக் கொடுத்த வேலை அது. இந்தக் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

போன மாதம் போனில் கத்திக்கொண்ட பிறகு நீங்கள் என் அழைப்பை எடுப்பதில்லை. பரவாயில்லை. பங்களாவுக்குள் போனை விடமாட்டார்கள், தாளை விடுவார்கள். அதனால்தான் எல்லாவற்றையும் தாளில் எழுதி அனுப்பினேன். ஜூன் பதினான்காம் தேதித் தாளை எடுத்துப் பாருங்கள். “கல்சியம் போத்தல் தீர்ந்தால், புதியது வரும்வரை சுண்ணாம்பு. ஒரு லீட்டர் சுத்தத் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி. தெளிய விட்டு, மேலே நிற்பதை மட்டும் சொட்டுச் சொட்டாக விடவும்.” இதில் எந்த வார்த்தை புரியவில்லை?

முதலாளி ஆகஸ்ட் இருபத்து நான்காம் தேதி குடும்பத்தோடு வருகிறார். அதற்குள் பவளம் விரியாவிட்டால் உங்களை அனுப்பிவிட்டு வேறு ஆள் எடுப்பதாகச் சுமன் சொல்கிறான். மறுபடி கொழுந்துக் கூடைதான். வேண்டுமா?

என்ன போட்டீர்கள் என்று ஒளிக்காமல் எழுதுங்கள்.

கிஷாந்த்


மேற்கணக்கு, அக்கரப்பத்தனை
12 ஜூலை 2024

தம்பி,

உன் கடிதம் தோட்ட ஆபிஸ் வழியாக வந்தது. என் கைக்கு வரும்போது உறை ஏற்கெனவே கிழிந்திருந்தது. நம் லயத்து வீடுகளுக்கு நம்பர் இருக்கிறது, முகவரி இல்லை. நீ போய் நாலு வருடத்தில் அதை மறந்திருப்பாய். இனி டவுனில் யோகேஸ்வரன் கடை மேற்பார்வை என்று எழுது.

புரியாத வார்த்தை எது என்று கேட்டாய். சொல்கிறேன். சுண்ணாம்பு.

பெரட்டுக் களத்தில் காலையில் வேலை பிரிக்கும்போது கண்டாக்கு “இன்னக்கி ஆறாம் நம்பர் மலைக்குச் சுண்ணாம்பு” என்று சொன்னால் நம் ஆட்கள் யாராவது வெற்றிலைப் பையைத் திறப்பார்களா? உர ஸ்டோருக்குத்தான் போவார்கள். டொலமைட் என்று எழுதிய மூட்டைக்கு இங்கே வேறு பெயர் கிடையாது. அதைச் சுமந்துதான் அப்பாவின் முதுகு போனது. பள்ளிக்கூட லீவில் நீயும் தலையில் வெள்ளையோடு இறங்கி வந்திருக்கிறாய். நீ சுண்ணாம்பு என்று எழுதினாய். நான் உன் மச்சானிடம் சொல்லி ஸ்டோரிலிருந்து ஒரு டின் எடுப்பித்தேன்.

நீ எழுதியபடியேதான் செய்தேன். ஒரு லீட்டர், ஒரு கரண்டி, தெளிய விட்டு, சேலைன் டியூபில் சொட்டாக. மூன்று வாரம். கல்சியம் டெஸ்டில் முந்நூற்று அறுபதைத் தாண்டவே இல்லை. பவளம் வேறு சுருங்கிக்கொண்டே வந்தது. பயந்துபோய், இந்த மாதம் ஆறாம் தேதி கலக்கியதை அப்படியே ஊற்றிவிட்டேன். அது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். வார்த்தை உன் தப்பு. அதை நீ ஒத்துக்கொள்.

சுமன் வந்து கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான்.

“என்னா ஜீவராணி, கடலை வடை மாவாக்கிட்டீங்க.”

“வடை மாவு இவ்வளவு தண்ணியா இருக்காதுங்க. நீங்க வடை சுட்டதில்ல போல” என்றேன்.

இந்த மழையிலும் குளிரிலும் அந்தத் தொட்டிக்கு இருபத்தாறு டிகிரி சூடு. காலையில் உள்ளே போனதும் கண்ணாடியில் கை வைத்துத்தான் விரலை மடக்குகிறேன். எனக்கு அந்த வேலை வேண்டும். கூடைக்குப் போவதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வயதிலிருந்து முப்பத்தாறு வரை கூடை. போதும்.

ஜீவராணி


வத்தளை
16 ஜூலை 2024

அக்கா,

நான் சொன்னது வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு.

இங்கே என் பக்கத்து மேசைக்காரன் காலி ஊரிலிருந்து வந்த பையன். அவன் வெற்றிலைச் சுண்ணாம்பைத்தான் தொட்டிக்குப் போடுவான். அவனிடம் பழகியதை அப்படியே எழுதிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தலையில் மூட்டை வைத்த ஞாபகமே வந்தது. வார்த்தை என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் ஒட்டவில்லை. டொலமைட் கடல் தண்ணீரில் லேசில் கரையாது. கல்சியம் ஏறாததற்குக் காரணம் அதுதான். நீங்கள் ஊற்றியது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பவளத்தின் மேல் தூசி படிந்தால் இரண்டு நாள் முகத்தைச் சுருக்கும், பிறகு விரியும். அதனால் சாகாது. இங்கே இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன்.

அப்படியென்றால் எது கொன்றது?

முதலில் எது செத்தது, அடுத்தது எது, எந்தத் தேதி என்று வரிசையாக எழுதுங்கள். எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்றும் எழுதுங்கள். ஊகம் வேண்டாம்.

கிஷாந்த்


மேற்கணக்கு
20 ஜூலை 2024

தம்பி,

வரிசை இது.

ஜூன் இருபத்தெட்டு: நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்தன. எடுத்து ஒட்டவைத்தேன். மறுபடி விழுந்தன. ஜூலை இரண்டுக்குள் எல்லாம் முடிந்தன. மூன்றாம் தேதி ஒரு இறால், நான்காம் தேதி மற்றது. ஐந்தாம் தேதி சுத்தியல் பவளம் உள்ளே இழுத்துக்கொண்டது, இப்போது வெறும் எலும்பு. காளான் பவளங்கள் சுருங்கிக் கிடக்கின்றன, ஆனால் நிறம் இருக்கிறது. மூளைப் பவளத்தில் பாதி போய்விட்டது, பாதி இருக்கிறது. நான் மாவை ஊற்றியது ஆறாம் தேதி. அதற்கு முன்பே எல்லாம் ஆரம்பித்துவிட்டது. உனக்கு எழுதும்போதுதான் எனக்கே இது தெரிகிறது.

மீன்களுக்கு ஒன்றும் இல்லை. கோமாளி மீன் இரண்டும் சுமனைவிடக் கொழுத்துவிட்டன.

தண்ணீர் நீ எழுதிய தண்ணீர்தான். சுத்தத் தண்ணீர். பங்களாவில் தண்ணீர் வடிக்கும் மெசினின் வடிகட்டி ஜூன் நடுவில் முடிந்துபோனது. மிச்சம் வருகிற கொஞ்சமும் பங்களா ஊற்றுத் தண்ணியும் கெஸ்டுக்கு மட்டும், நீங்க எங்கயாச்சும் பார்த்துக்குங்க என்று சுமன் சொல்லிவிட்டான். அதனால் நம் லயத்துப் பீலிக் குழாயில் பிடித்தேன். சுண்ணாம்பு கரைக்க மட்டும் இல்லை, தினம் வற்றுகிற அளவுக்கும் அதுதான். ஐந்து லீட்டர் கேன், விடிந்ததும் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

அப்படியே ஊற்றிவிடவில்லை. துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆற வைத்துத்தான் கொண்டுபோனேன். பக்கத்து வீட்டுத் தனுஷிகா கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க எப்படிச் செய்கிறாளோ அப்படி. “மீனுக்கு என்னாத்துக்கு அக்கா சுடுதண்ணி, டீ குடிக்குதா?” என்று கேலி செய்தாள். விறகு எங்கள் விறகு.

இதைவிடச் சுத்தமாக இந்த லயத்தில் தண்ணீர் கிடையாது.

ஜீவராணி


வத்தளை
24 ஜூலை 2024

அக்கா,

நத்தை முதலில், இறால் அடுத்து, பிறகு பவளம், மீனுக்கு ஒன்றும் இல்லை என்றால் அது செம்பு. செம்பு கொதித்தால் போகாது. துணியில் நிற்காது. தினமும் ஐந்து லீட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது. தண்ணீர் வற்றும், செம்பு வற்றாது.

இந்தப் பார்சலில் செம்புக்கான டெஸ்ட் கிட் இருக்கிறது. கரிப் பை இரண்டு, செம்பை இழுக்கும் பஞ்சு ஒன்று. மெசினுக்கான வடிகட்டியும் வைத்திருக்கிறேன். அதைச் சுமன் கையில் கொடுக்க வேண்டாம், நீங்களே மாட்டுங்கள். இனி மெசின் தண்ணீர் மட்டும். வாரத்துக்கு இரண்டு தடவை நாற்பது லீட்டர் மாற்றுங்கள், உப்பை முதல் நாளே கரைத்துவிடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு இரண்டு வாரம் கழித்து.

பீலி, பங்களா ஊற்று, தொட்டி, மூன்றையும் டெஸ்ட் செய்து எழுதுங்கள். ஐந்து மில்லி தண்ணீருக்கு மருந்துச் சொட்டு எத்தனை என்று டப்பாவில் தமிழில் ஒட்டியிருக்கிறேன். நீலம் எவ்வளவு ஏறுகிறதோ செம்பு அவ்வளவு.

ஒன்று எழுதவேண்டும். நான் சுத்தத் தண்ணீர் என்று எழுதியபோது என் மனதில் இருந்தது மெசின் தண்ணீர். பீலித் தண்ணீர் அதற்குள் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் இருபத்திரண்டு வருடம் குடித்த தண்ணீர். நீங்கள் இன்றைக்கும் குடிப்பது. அதைச் சுத்தம் இல்லை என்று எந்த நாளில் முடிவு செய்தேன், ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

முதலாளி வந்துபோகும்வரை யாரிடமும் பேசாதீர்கள்.

கிஷாந்த்


மேற்கணக்கு
2 ஆகஸ்ட் 2024

தம்பி,

பங்களா ஊற்றில் செம்பு இல்லை. தொட்டியில் லேசான நீலம். பீலியில் திங்கட்கிழமை ஒன்றும் இல்லை, செவ்வாயும் இல்லை. கிட் பழுது என்று நினைத்தேன். புதன்கிழமை பிடித்த தண்ணீர் உன் அட்டையில் பூஜ்யம் தசம் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றது.

உன் மச்சான் வாசலில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். சட்டை ஓரமெல்லாம் நீலம். மழை மாதங்களில் தேயிலைக்குக் கொப்புள நோய் வரும், அதற்குச் செம்பு கலந்த நீல மருந்து அடிப்பார்கள், உனக்குத் தெரியும். அவர் அந்தக் கேங்கில்தான் இருக்கிறார். புதன்கிழமை அவர்களுக்கு மருந்து நாள்.

“மருந்துக் கேனை எங்கங்க கழுவுறீங்க?”

“எங்க கழுவுவாங்க? பீப்பாய்கிட்டதான்.”

“பீப்பாய் எங்க இருக்கு?”

“தாங்கிக்குப் பக்கத்துல. அங்கதான தண்ணி. இருபது வருசமா அங்கதான் கலக்குறோம், அங்கதான் கழுவுறோம்.” பிறகு என் கையில் இருந்த கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். “என்னாடி, போலீஸ் மாதிரி நிக்கிற?”

லயத்துக்கு மேலே இருக்கும் அந்தத் தண்ணீர்த் தாங்கியிலிருந்துதான் பீலிக்குக் குழாய் வருகிறது. நீலத் தண்ணீரை அவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். கழுவிய காலையே திரும்பவும் கழுவினார். அன்று அவர் தேத்தண்ணி குடிக்கவில்லை.

நீ பேசாதே என்று எழுதியிருந்தாய். நான் பேசிவிட்டேன். தனுஷிகாவும் நானும் இரண்டு கண்ணாடிக் குழாயோடு ஆபிசுக்குப் போனோம். சின்ன தொரை நல்ல மனிதர் மாதிரித்தான் கேட்டார். “இந்த அளவு மனுசனுக்கு ஒண்ணும் செய்யாது. மீனுக்கு வச்ச கிட்டைக் கொண்டாந்து தோட்டத்தக் கொறை சொல்லாதீங்க” என்றார்.

“நத்தைக்கு ஆகாததுங்க” என்றாள் தனுஷிகா.

“நீங்க நத்தையா?”

“இல்லைங்க. எங்களுக்கு டெஸ்ட் பண்ண யாரும் வரல. நத்தைக்கு வந்திருக்காங்க.”

அவர் பேனாவை மூடிவிட்டார். எழுத்தில் கொடுங்கள் என்றார். எழுத்தில் கொடுத்துவிட்டோம். பீப்பாயை லயத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டும், தாங்கித் தண்ணீரைச் சுகாதாரக் காரியாலயம் பரிசோதிக்க வேண்டும். முப்பத்தொரு கையெழுத்து. உன் மச்சானுடையது ஏழாவது.

காளான் பவளம் ஒன்று நேற்று ஓரத்தைக் கொஞ்சம் விரித்தது.

ஜீவராணி


வத்தளை
7 ஆகஸ்ட் 2024

அக்கா,

சின்ன தொரை சொன்னது பொய் இல்லை. பூஜ்யம் தசம் ஐந்து செம்பு மனிதர் குடிக்கும் தண்ணீருக்கு இருக்கும் எல்லைக்குக் கீழேதான். நான் பார்த்துவிட்டேன். இதை முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஒரு எண்ணை வைத்தே உங்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆனால் செம்பு தெரிந்தது செம்புக்குக் கிட் இருப்பதால். அதே கேனில்தான் புல்லுக்கும் பூச்சிக்கும் அடிக்கிற மருந்தும் போகிறது. அதே இடத்தில்தான் கழுவுகிறார்கள். அதற்கு என்னிடம் கிட் இல்லை. கடையிலும் இல்லை. மீன்காரர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. செம்பு அந்த வழியாக வருகிறதென்றால் மற்றதும் அந்த வழியாக வரும்.

இது உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். இருபத்து நான்காம் தேதிவரை பொறுங்கள். முதலாளியும் தோட்டத்துப் பெரிய தொரையும் ஒரே கிளப்பில் இருக்கிறார்கள். உங்கள் வேலை போகும். என் வேலையும் அவர் கொடுத்தது.

அடுத்த வாரத்திலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பு. வெற்றிலைச் சுண்ணாம்பு, அக்கா. வாசனை சேர்க்காதது.

கிஷாந்த்


மேற்கணக்கு
27 ஆகஸ்ட் 2024

தம்பி,

முதலாளி வந்துபோனார்.

இருபத்து மூன்றாம் தேதியே காளான்கள் எல்லாம் விரிந்துவிட்டன. மூளைப் பவளத்தின் செத்த பாதியின் விளிம்பில் புதிதாகப் பச்சைச் சதை, நகக்கண் அகலம். அதை முதலாளியின் மகள் கண்டுபிடித்தாள், நான் காட்டவில்லை. முதலாளி என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்தப் பங்களாவில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

எப்படி எழுப்பினாய் என்று கேட்டார். சொன்னேன். சுண்ணாம்பை, பீலியை, பீப்பாயை, எல்லாவற்றையும். சுமன் பின்னால் நின்று கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தான். முதலாளி முழுதும் கேட்டார், நடுவில் ஒருதரம்கூட வெட்டவில்லை. கேட்டுவிட்டுச் சுமனிடம் திரும்பினார். “இனி லயத்துத் தண்ணி ஒரு சொட்டுக்கூட இந்தப் பங்களாவுக்குள்ள வரக்கூடாது.”

அவ்வளவுதான், தம்பி. அவருக்கு விளங்கியது அவ்வளவுதான்.

எனக்கு வேலை நிரந்தரம். கடிதம் கொடுத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு. சந்தோசம்தான். பொய் சொல்லமாட்டேன். கொஞ்ச தூரம் நடந்து வந்து, ஆள் இல்லாத இடத்தில் சிரித்தேன்.

மற்றதைக் கேள். மருந்தடிக்கும் கேங் பீப்பாயைத் தாங்களே உருட்டிக் கீழே கொண்டுபோய்விட்டது. ஆபிஸ் சொல்லவில்லை, கங்காணியும் சொல்லவில்லை. உன் மச்சான் முதலில் கை வைத்தார், மற்ற ஆறு பேரும் வந்தார்கள். இப்போது கலந்த மருந்தை மேலே சுமக்க வேண்டியிருக்கிறது. தோளில் பட்டைத் தழும்பு. “ஒன்னோட நத்தைக்கு நான் மாடா ஒழைக்கிறேன்” என்று திட்டுகிறார், ஆனால் சுமக்கிறார். நான்கு மருந்து நாள் ஆகிவிட்டது. பீலியில் நீலம் இல்லை. நான்கு தடவையும் லயமே சுற்றி நின்று பார்த்தது.

ஆனால் கண்டாக்கு வந்து, நேரம் வீணாகிறது, திங்கட்கிழமைக்குள் பீப்பாய் பழைய இடத்துக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் கடிதத்துக்கு ஆபிஸ் சொன்ன பதில், மீன் கிட்டைப் பொம்பளைகள் வாசித்த கணக்கை யார் நம்புவது என்பது. வாயால் சொன்னார்கள், எழுத்தில் இல்லை.

உன்னால் செய்யமுடிந்த ஒன்று இருக்கிறது. இந்த டெஸ்ட் சரியாகத்தான் வாசிக்கப்பட்டது, மருந்து இந்த வழியாகத்தான் குடிதண்ணீருக்கு வந்திருக்கிறது, மற்ற மருந்துகளையும் பரிசோதிக்க வேண்டும் என்று, எனக்கு எழுதியதை அவர்களுக்கு எழுது. சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. உன் பெயரோடு, உன் வேலையின் பெயரோடு. ஒன்று தோட்டத்துக்கு, ஒன்று சுகாதாரக் காரியாலயத்துக்கு.

முதலாளிக்குத் தெரியவரும் என்று எனக்குத் தெரியும். நானும் தெரிந்துதான் அவர் முன்னால் பேசினேன்.

ஜீவராணி


மேற்கணக்கு
12 செப்டெம்பர் 2024

தம்பி,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. யோகேஸ்வரன் கடையில் மூன்று தடவை கேட்டுவிட்டேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் இல்லை என்று தலையை ஆட்டுகிறார்.

பீப்பாய் இன்னும் கீழேதான் இருக்கிறது. கெடு வைத்த திங்கட்கிழமை கண்டாக்கு மேலே கொண்டுபோகச் சொன்னார். ஏழு பேரும் கேனைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அடுத்த நாள் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எத்தனை நாளைக்கு என்று தெரியாது. தனுஷிகா சொட்டு விடப் பழகிவிட்டாள், என்னைவிட நன்றாக வாசிக்கிறாள். மூளைப் பவளத்தில் பச்சை இப்போது விரல் அகலம். கல்சியம் நானூற்றுப் பத்து.

கையெழுத்துத் தாளைப் பெரிதாகத் திரும்ப எழுதினோம். இப்போது நாற்பத்து நான்கு பேர். முப்பத்திரண்டாவது இடத்தை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பேனாவை வாங்கியவர்களிடமெல்லாம் அதைத் தாண்டிப் போடச் சொன்னேன். தாளின் நடுவில் அது வெறுமையாக இருக்கிறது, எல்லாரும் யாருக்கு என்று கேட்கிறார்கள்.

இருபதாம் தேதி நாங்கள் இதைச் சுகாதாரக் காரியாலயத்துக்குக் கொண்டுபோகிறோம். பஸ் காலை ஆறரைக்கு. வா. உன் பெயரை உன் கையால் எழுது.

ஜீவராணி